டோக்கன் நம்பர் பெயராகுமா?

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் சிவகாசி வட்டாரத்தில் அடுத்த வருடம் பிறந்துவிடும். புது வருட காலண்டர் ஆல்பங்களை அன்றுதான் வெளியிடுவார்கள். பிறகு ஆர்டர்கள் வரிசை கட்டும். பக்கத்தில் திருத்தங்கல்லில் சின்னதாக டி.டி.பி. சென்டர் நடத்தும் அந்த அம்மாவுக்கு அதிலிருந்து நாலு மாதம் தூக்கம் குறைவுதான். ஜவுளிக்கடை, நகைக்கடை, ஹார்டுவேர் கடை என்று ஒவ்வொரு கடையின் பெயரையும் காலண்டர் அட்டையில் ஏற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில் ப்ரூஃப் அனுப்பி, ஓகே வாங்கி, அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

செய்த வேலையையெல்லாம் சேமித்து வைக்க, கடை மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் ஓடுவது லினக்ஸ். போட்டுக் கொடுத்தது சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் மகன். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் அவருக்கும் ஒன்று கிடைத்தது. அதில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நண்பர்கள் அந்தப் பக்கமே போகவில்லை. இவர் நோண்டிப் பார்த்தார். அப்படித்தான் அத்தை கடைக்கும் லினக்ஸ் வந்தது.

கம்ப்யூட்டருக்குள் மூன்று ஹார்ட் டிஸ்க். முதலாவதில் லினக்ஸ், இரண்டாவதில் வேலை, மூன்றாவதில் அந்த வேலையின் நகல். ஞாயிறு இரவு இரண்டாவதில் உள்ளதை அப்படியே மூன்றாவதுக்கு எடுத்து வைக்கும்படி அவர் எழுதி வைத்திருந்தார். வருடக்கணக்கில் ஒரு குறையும் இல்லை.

ஒரு சனிக்கிழமை பவர் சப்ளை போய்விட்டது. மெக்கானிக் வந்து புதிதாக மாற்றிவிட்டுப் போனார். திங்கள் காலை ஃபோல்டரைத் திறந்தால், போன வாரம் செய்த டிசைன் ஒன்றுகூட இல்லை. நகலில் பார்த்தார். அங்கேயும் இல்லை.

"அத்தே, அந்த டிஸ்க்ல ஒண்ணையும் சேவ் பண்ணாதீங்க. அப்படியே ஆஃப் பண்ணிடுங்க" என்றார் மருமகன் போனில்.

"நான் ஒண்ணுமே தொடலையேய்யா. வைரஸா?"

"வைரஸ் இல்ல அத்தே. டோக்கன் மாறிடுச்சு."

லினக்ஸ் ஸ்டார்ட் ஆகும்போது டிஸ்க்குகளைத் தேடும். முதலில் கண்ணில் படுவதற்கு எஸ்.டி.ஏ. என்று பெயர் வைக்கும். அடுத்தது எஸ்.டி.பி., அதற்கடுத்தது எஸ்.டி.சி. ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரிதான். இன்றைக்கு ஏழாம் நம்பர் என்பதால் நாளைக்கும் அதே ஆள்தான் ஏழு என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பவர் சப்ளை மாற்றக் கழற்றிய கேபிள்களைத் திரும்ப மாட்டும்போது இரண்டு இடம் மாறிவிட்டன. நகல் டிஸ்க் எஸ்.டி.பி. ஆனது, வேலை டிஸ்க் எஸ்.டி.சி. ஆனது. ஞாயிறு இரவு வழக்கம்போல எஸ்.டி.பி.யில் இருந்ததை எஸ்.டி.சி.க்கு எடுத்து வைத்து, அங்கே கூடுதலாக இருந்ததையெல்லாம் அழித்துவிட்டது. போன வாரத்து நகல், இந்த வாரத்து வேலையை விழுங்கிவிட்டது. இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு என்பதால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

பழைய ஐ.டி.இ. டிஸ்க் காலத்தில் எந்த கேபிளில், எந்த இடத்தில் மாட்டுகிறோமோ அதை வைத்தே பெயர். பிறகு வந்த வகைகளில் கண்டுபிடிக்கும் வரிசைதான் பெயர். கேபிளைத் தொடாவிட்டாலும், ஒரு டிஸ்க் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானால் வரிசை மாறலாம். இதற்காகவே 2003-ல் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் என்பவர் யூடெவ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். டோக்கன் நம்பர் அதன்பாட்டுக்கு இருக்கும். அதோடு, டிஸ்க்கின் சீரியல் நம்பர், லேபிள், யு.யு.ஐ.டி. ஆகியவற்றை வைத்து மாறாத பெயர்களையும் யூடெவ் கொடுக்கும். யு.யு.ஐ.டி. என்பது ஃபார்மேட் செய்யும்போது பதியும் 36 எழுத்து நீள அடையாளம். எந்த கேபிளில் மாட்டினாலும் அது மாறாது.

சங்கப் பாடல் எழுதிய இந்த ஊர்க்காரர் ஒருவரின் பெயர் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார். ஊர், தொழில், பெயர் மூன்றும் அதில் உண்டு. 'இரண்டாவதாக வந்தவர்' என்று எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு யாருக்கு அவரைத் தெரியும்?

அடுத்த பஸ்ஸைப் பிடித்து மருமகன் வந்து சேர்ந்தார். அழிந்த ஃபைல்களைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டினார். டிஸ்க்கில் அதற்குப் பிறகு எதையும் எழுதாததால் பெரும்பாலானவை கிடைத்தன. ஆனால் அந்த மென்பொருள் ஃபைலின் பெயரை மீட்டுத் தராது. வெறும் நம்பர் போட்ட நூற்றுக்கணக்கான படங்கள் வந்து விழுந்தன. அத்தை ஒவ்வொன்றாகத் திறந்து, "இந்த முருகன் ராஜபாளையத்து ஜவுளிக்கடை. இந்த லட்சுமி விருதுநகர் நகைக்கடை" என்று கண்ணாலேயே பிரித்தார். கிடைக்காத ஐந்தாறை, வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த ப்ரூஃபைப் பார்த்து மறுபடி செய்தார். மூன்று ராத்திரி போனது. ஒரு ஆர்டரும் கைவிட்டுப் போகவில்லை.

ஊருக்குத் திரும்புமுன் மருமகன் மூன்று வேலை செய்தார். எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில் எஸ்.டி.பி., எஸ்.டி.சி. என்று இருந்த இடத்தில் அந்தந்த யு.யு.ஐ.டி.யை எழுதினார். நகல் டிஸ்க்கின் வரியில் 'நோஃபெயில்' என்று சேர்த்தார். அது இல்லையென்றால், டிஸ்க் என்றாவது கிடைக்காதபோது கம்ப்யூட்டர் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, பாதியில் எமர்ஜென்சி திரையில் நின்றுவிடும். மூன்றாவதாக, வேலை டிஸ்க்கில் ஓர் அடையாள ஃபைல், நகல் டிஸ்க்கில் வேறொன்று. இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தால்தான் இனி நகல் எடுக்கும் வேலையே தொடங்கும்.

அத்தையும் தன் பங்குக்கு ஒன்று செய்தார். டிஸ்க்குகளின் மேல் 'வேலை', 'நகல்' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். நகலை ஒரே இடத்தில் நம்பி வைக்கக் கூடாது என்று தனியாக ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கும் வாங்கினார். அதை மாட்டுவது வாரம் ஒரு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அது வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் பென் டிரைவை ஃபார்மேட் செய்யும் முன்பும் இதை நினைத்துக்கொள்வது நல்லது. நேற்று எஸ்.டி.பி. என்று காட்டியது இன்றைக்கு வேறு டிஸ்க்காக இருக்கலாம். அளவையும் மாடல் பெயரையும் ஒரு முறை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்.