பச்சை மையால் இட்ட குறி



புத்தாண்டு ஆராதனை முடிந்த மறுநாள் மாலை, வானூர் வட்டார மிதிவண்டிக் குழுவினர் பத்துப் பேர் ஆலயத் திண்ணையில் கூடினோம். இந்த ஆண்டுக்கான குறிக்கோளை முடிவு செய்ய வேண்டும். இக்குழுவை உங்களில் பலர் அறிவீர்கள். சபையாரும் பிறரும் கலந்தது. நான் அதில் ஓர் உறுப்பினன் மட்டுமே. ஆனாலும் நோட்டு என் பொறுப்பு, எனக்குத்தான் பிறர் படிக்கத்தக்க கையெழுத்து என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

சென்ற ஆண்டின் குறிக்கோள் முதல் பக்கத்தில் இருந்தது: ஜூன் 3, உலக மிதிவண்டி நாளன்று நூறு பேர் பேரணி. வந்தவர்கள் நூற்றுக்கு மேல். பனியன் அச்சிட்டோம், மோர் வழங்கினோம், படம் எடுத்துக்கொண்டோம். நிறைவேறியது என்று பச்சை மையால் நானே குறியிட்டிருந்தேன். அதன் கீழே இவ்வாண்டுக்கு இருநூறு என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

அவ்வேளையில் எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தாள் சபைப் பிள்ளை ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. பேரணியில் முன்வரிசையில் பதாகை பிடித்து வந்தவள். "இந்த ஜூன் மாதமும் வருவாய் அல்லவா?" என்று கேட்டேன். "வருவேன் ஐயா. ஆனால் நான் இப்போது சைக்கிளில் போவதில்லை" என்றாள்.

காரணத்தைக் கேட்டறிந்தோம். மாலைச் சிறப்பு வகுப்பு முடிய ஆறு மணிக்கு மேல் ஆகிறது. பிரதான சாலையிலிருந்து அவள் ஊருக்குத் திரும்பும் கிளைச்சாலையில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டருக்கு விளக்கில்லை. கருங்கல் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் அவ்வழியே போகின்றன. தாயார் தடுத்துவிட்டார். பேருந்தோ அந்நேரத்தில் இல்லை. ஆகவே அவள் வகுப்பையே விட்டுவிட்டாள். மார்ச் மாதம் பொதுத்தேர்வு. அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. அதன்மேல் கோழி அடைகிறதாம். அவள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

பிரியமானவர்களே, அந்தப் பச்சைக் குறியைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் எண்ணியது எங்கள் வேலையை. அவள் பயணத்தை அன்று.

புதுக்கோட்டையை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 1991இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்தார். நாட்டுப்புறப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பொதுவிடத்தில் ஓட்டிக் காட்டினார்கள் என்று இதழாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். நாம் பேசும்போது அந்த எழுபதாயிரத்தையே பேசுகிறோம். அதற்கு முன்னே நடந்தவை அதிகம் பேசப்படுவதில்லை: இயக்கத்தில் உழைத்த பெண்கள் வண்டி வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு ஆயிற்று; ஒன்றியம்தோறும் பொறுப்புப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பெண்களுக்கான வண்டிகள் போதாமல் போனபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் அக்கூட்டத்தில் இருந்தார்கள். அங்கே அணிவகுப்பு கடைசியில் வந்தது. நாங்கள் அதை முதலில் வைத்து, அதோடு நின்றும்விட்டோம்.

நெகேமியாவின் செயலையும் அன்றிரவு நினைத்துக்கொண்டேன். எருசலேமுக்கு வந்த அவர் மூன்று நாள் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சில மனிதரோடு இரவில் எழுந்து, இடிந்த அலங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் அவர் ஏறியிருந்த மிருகம் கடந்துபோகவும் வழியில்லை. அதைக் கண்ட பிறகுதான் கட்டுவோம் என்று வாய் திறந்தார். பேரணிக்கு வழி குறிக்கும்போது நாங்கள் பார்த்ததெல்லாம் காலை ஏழு மணிச் சாலை.

"ஒன்றரை கிலோமீட்டர் ஒரு வருடக் குறிக்கோளா? கேட்டால் நகைப்பார்கள்" என்றார் குழுவின் மூத்தவர். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இருநூறு பேர் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நெடுநேர விவாதத்துக்குப் பின் இப்படி எழுதினோம்: இவ்வாண்டு முடிவில், அந்தச் சாலையை ஒட்டிய ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் மாலை ஆறு மணிக்குமேல் மிதிவண்டியில் வீடு திரும்புகிறார்கள்? இன்றைய எண், பூச்சியம்.

முதலில் அந்தச் சாலை யாருடையது என்று தெரிய வேண்டும். ஊராட்சிச் சாலையா, ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்பதைப் பொறுத்தே மனு போகும் இடம் மாறும். கிராமத் தெருவிளக்கு ஊராட்சியின் பொறுப்பு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்கள் நோட்டில் மாதங்களை அழித்துவிட்டு இந்த ஆறு நாள்களை எழுதினோம். ஜனவரி 26இல் விளக்குக்குத் தீர்மானம் கேட்போம். மார்ச் 22க்குள் ஒன்றும் நடவாவிட்டால், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் விழுப்புரம் சென்று ஆட்சியரிடம் மனு கொடுப்போம்.

தீர்மானம் விளக்காக மாறும்வரை தேர்வு காத்திருக்குமா? காத்திராது. ஆகையால் வகுப்புள்ள ஒவ்வொரு மாலையும் பெரியவர்கள் இருவர், பின்விளக்குப் பொருத்திய மிதிவண்டியில், பிள்ளைகளுக்கு முன்னும் பின்னும் செல்வதென்று முடிவாயிற்று. முதல் வாரத்துக்கு என் பெயரும் அந்த மூத்தவர் பெயரும். (என் வண்டியின் பின்பிரேக் பிடிப்பதில்லை, நாளை கடைக்குக் கொண்டுபோகிறேன்.) ஜூன் பேரணி இருக்கட்டும், அதற்கு வருகிறவர்களை இம்முறை எண்ணப் போவதில்லை.

அதற்கு முன்பாக, வருகிற சனிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு அந்தச் சாலையை முழுவதும் ஓட்டிப் பார்க்கிறோம். பள்ளங்கள், கம்பங்கள், லாரிகள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். மிதிவண்டி உள்ளவர்கள் ஆறு மணிக்கே ஆலயத்துக்கு வந்துவிடுங்கள். கைவிளக்கும் கொண்டுவாருங்கள். அந்தப் பிள்ளையின் தாயாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டத் தெரியாது, ஆகவே யாராவது ஒருவர் பின்னால் கேரியர் உள்ள வண்டியாகக் கொண்டுவாருங்கள்.