எந்தப் போரை ஆடுவது?

"பெரியப்பா! அடுத்த விரிவாக்கத்திற்கு எந்தப் போர் பொருந்தும்? வரலாறு படித்தவராயிற்றே, சொல்லுங்கள்!"

கேட்டவன் என் தம்பி மகன். இரவு மணி பதினொன்று. 'விளக்கை அணைத்துவிட்டுப் படு' என்று கடிந்துகொள்ளச் சென்றவனைக் கேள்வி கட்டிப்போட்டது. திரையிலே உரோமப் படை அணிவகுத்து நின்றது. 2013இல் வெளிவந்த 'டோட்டல் வார்: ரோம் 2' என்னும் விளையாட்டாம். மூல விளையாட்டை விற்றபின், ஒவ்வொரு போரையும் தனி விரிவாக்கமாக விற்கிறார்கள். சீசர் காலியரை வென்ற போர் ஒன்று, அனிபால் உரோமை நடுங்க வைத்த போர் ஒன்று, கி.மு. 431 முதல் 404 வரை ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் மோதிய போர் மற்றொன்று.

அருகில் அமர்ந்தேன். அவன் வென்றான். சிறைப்பட்டோரை என்ன செய்வது என்று திரை கேட்டது. 'அடிமையாக்கு' என்பதை அழுத்தினான். "வருவாய் கூடும் பெரியப்பா, நாட்டில் அமைதிதான் சற்றுக் குறையும்" என்றான்.

குற்றம் அவனுடையதன்று. ஆனால் என் நெஞ்சு சுட்டது. என் பாட்டனார் பண்ணையாள். பட்ட கடனுக்காகக் கைநாட்டு வைத்து, வாழ்நாளையே வட்டியாகக் கட்டியவர். பண்ணைக் கணக்கிலே அவருக்குப் பெயர் இல்லை. 'ஆள் ஒன்று' என்றுதான் இருந்ததாம். அந்த 'ஒன்றின்' வழி வந்தவர்களல்லவா நாங்கள் இருவரும்!

"சொல்கிறேன், கேள்" என்றேன்.

முதலாவது, மெசேனியர் கிளர்ச்சி. ஸ்பார்ட்டாவின் வீரம் பாடாத ஏடில்லை. அவ்வீரர் உண்ட சோறு யார் விளைத்தது? ஹெலட்டுகள் எனப்பட்ட உழவடிமைகள்! கி.மு. 464இல் பூமி அதிர்ந்து ஸ்பார்ட்டா சரிந்தபோது, மெசேனிய ஹெலட்டுகள் இத்தோம் மலையேறி ஆண்டுக்கணக்கில் போராடினர். இறுதியில் நாட்டைவிட்டு வெளியேற வழி பெற்றனர். ஏதென்சு அவர்களை நௌபாக்டசில் குடியேற்றியது.

இரண்டாவது, ஸ்பார்ட்டகசின் போர். கி.மு. 73இல் கப்புவாவின் வாட்போர்ப் பள்ளியிலிருந்து எழுபதுக்கு மேற்பட்டோர் தப்பினர். வெசுவியசு மலையில் வளைக்கப்பட்டபோது, காட்டுக் கொடிகளைக் கயிறாய்த் திரித்து இறங்கிப் பகைவரின் பின்புறம் தாக்கினர். பாசறைக்குள் பொன்னும் வெள்ளியும் வரக்கூடாது என்று தடுத்தான் ஸ்பார்ட்டகசு. இரும்பையும் வெண்கலத்தையுமே வாங்கினான். கோட்டையில்லை, கருவூலமில்லை, வரியில்லை, மக்களே படை! பொன்னை எண்ணியே பழகிய ஆட்டக்காரனுக்கு இதைவிடப் புதிய சோதனை உண்டா?

மூன்றாவது, கி.மு. 91இல் மூண்ட நேச நாட்டார் போர். உரோமின் வெற்றிகளுக்காக இரத்தம் சிந்திய இத்தாலிய மக்களுக்குக் குடியுரிமை இல்லை. தரலாம் என்று முயன்ற துரூசசு கொலையுண்டான். பொறுமை இழந்தவர்கள் கோர்பினியத்தைத் தலைநகராக்கி 'இத்தாலிக்கா' என்று பெயரிட்டனர். உரோமின் ஓநாயைக் காளை முட்டித் தள்ளும் காசும் அடித்தனர். மறு ஆண்டிலேயே, ஆயுதம் ஏந்தாத நேச நாட்டார்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியது உரோம். களத்தில் தோற்றவர்களும் பின்னர் கேட்டதைப் பெற்றனர்!

"மூன்றில் எது பொருத்தம், பெரியப்பா?"

"நேச நாட்டார் போர்தான். இரு தரப்புக்கும் ஒரே பயிற்சி, ஒரே படைக்கலம். ஆட்டம் ஒருபக்கம் சாயாது. வாளால் வெல்வதா, உரிமை வழங்கி வெல்வதா என்று உரோமாக ஆடுபவன் ஒவ்வொரு முறையும் எண்ணியாக வேண்டும்."

"ஸ்பார்ட்டகசாக ஆடினால் தோற்றுவிடுவேனே?"

"அவனும் கி.மு. 71இல் தோற்றான். பிடிபட்ட ஆறாயிரம் பேர் கப்புவா தொடங்கி உரோம் வரை சாலையோரம் சிலுவையில் அறையப்பட்டனர். ஆனால் மெசேனியர் கதையை முடிக்கவில்லையே நான்! 464இல் எழுந்தார்கள், விடுதலை வந்தது 369இல். தீப்சு நகரத்து எப்பமினோண்டசு ஸ்பார்ட்டாவின் பிடியை உடைத்தான். சிதறிக் கிடந்த மெசேனியர் திரும்பி வந்து தம் நகரை எழுப்பினர். தொண்ணூற்றைந்து ஆண்டுகள்! ஆட்டம் நூறு சுற்று நீளுமானால், ஐம்பதாம் சுற்றில் தோல்வி என்று எழுதலாமா?"

அவன் சிரிக்கவில்லை. அடுத்த களத்தையும் வென்றான். திரை மீண்டும் அதே கேள்வியைக் கேட்டது. விரல் உயர்ந்தது, தயங்கியது.

இளைஞர்களே! ஆடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. வரலாற்றை வாளின் பிடியிலிருந்து மட்டும் பார்க்காதீர்கள். திரையில் ஓடும் எண்களுக்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு நொடி எண்ணிப் பார்த்து, அதன்பின் அழுத்துங்கள்!