ரெண்டு கண்ணி வித்தியாசம்

டிசம்பர் மாசம் பெருமாள்மலையில ஸ்வெட்டர் ஃபேஷன் இல்ல, தேவை. எங்க அம்மாச்சி கையாலயே பின்னுவாங்க. பேட்டர்ன் இங்கிலீஷ்ல இருக்கும். படிச்சுச் சொல்றது என் வேலை.

எந்தப் பேட்டர்ன்லயும் முதல்ல பார்க்க வேண்டியது கேஜ். தாத்தாவுக்கு எடுத்ததுல 10 செ.மீ.க்கு 22 கண்ணி. அப்போ 100 செ.மீ. சுற்றளவுக்கு 220 கண்ணி. ஆனா 20 கண்ணிதான் வருதுன்னா, அதே 220 கண்ணி 110 செ.மீ. ஆகிடும். தொளதொளன்னு தொங்கும்.

அதனால முதல்ல ஒரு சதுரத் துண்டு பின்னி, அலசி, காயவெச்சு, நடுவுல அளக்கணும். கண்ணி குறைஞ்சா சின்ன ஊசி, கூடினா பெரிய ஊசி.

எப்பவும் 4 மி.மீ. ஊசியில சரியா 22 வரும் அம்மாச்சிக்கு. இந்த வருஷம் மூட்டுவலி. பிடி தளர்ந்து 20தான் வந்துச்சு. "இனி இந்தக் கை ஆகாதுப்பா"ன்னு நூலை எடுத்து வெச்சுட்டாங்க.

லேப்ல ரீடிங் மாறினா மெஷினைத் தூக்கியா போடுறோம்? காலிபரேட் பண்றோம். "கை மாறினா என்ன அம்மாச்சி, ஊசியை மாத்துவோம்"னு 3.5 மி.மீ. கொடுத்தேன். அளந்தோம்: 22.

முன்பக்கமும் பின்பக்கமும் முடிஞ்சாச்சு. இனி கை மட்டும்தான் பாக்கி.