எரிமலைச் சாலையில் ஒரு கேமரா

ஹவாயின் அயர்ன்மேன் போட்டியை உலகறியச் செய்தவை பத்திரிகையும் டிவியும்தான். ஆனால் அந்த நீண்ட நாளில் அவை எதைக் காட்டுகின்றன, எதை விட்டுவிடுகின்றன?

விடிவதற்கு வெகு முன்பே கைலுவா-கோனாவின் படகுத்துறை விழித்துக்கொள்கிறது. விளக்கொளியில் வரிசை வரிசையாகச் சைக்கிள்கள். எதிரே, 1837இல் கட்டி முடிக்கப்பட்ட கல் தேவாலயம். சாலையின் மறுபுறம் ஹவாய் அரச குடும்பத்தின் பழைய அரண்மனை. ஆண்டில் பெரும்பாலான நாட்களில் சுற்றுலாப் பயணிகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி நடக்கும் கடற்கரைச் சாலை இது. அக்டோபரில் ஒரு நாள் மட்டும் இங்கே நிற்க இடம் கிடைக்காது.

கடலில் 3.86 கிலோமீட்டர் நீச்சல். பிறகு 180 கிலோமீட்டர் சைக்கிள்: சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் தூரத்தைவிட அதிகம். அதன் பிறகும் கால்கள் ஒத்துழைத்தால் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். முடிக்க அனுமதிக்கப்பட்ட நேரம் ஏறக்குறைய 17 மணி. கிரிக்கெட் மைதானத்தில் ஓர் இருக்கை கிடைத்தால் ஆட்டம் முழுவதையும் பார்த்துவிடலாம். இங்கே அப்படி ஓர் இருக்கை எங்குமே கிடையாது. ஊரை விட்டு வெளியேறும் சைக்கிள்கள் குவீன் காஹுமனு நெடுஞ்சாலையில் ஏறியதும் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன.

அந்தச் சாலைதான் போட்டியின் உண்மையான மேடை. இருபுறமும் உறைந்துபோன எரிமலைக் குழம்பு. கருகருவென்று, மரமில்லை, நிழலில்லை. விமான நிலையமே 1801ஆம் ஆண்டு ஹுவாலாலை எரிமலை கக்கிய குழம்பின் மீதுதான் அமைந்திருக்கிறது. கருங்கல் பரப்பின் மேல் வெள்ளைப் பவழக் கற்களை அடுக்கி யார் யாரோ தங்கள் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். வடக்கே ஹாவி என்ற சிற்றூரில் திரும்பி வருகையில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று சைக்கிளைச் சாலையோரத்துக்குத் தள்ளும். அங்கே நடப்பதைப் பார்க்கும் வாய்ப்பு, அனுமதி அட்டை பெற்ற சில வாகனங்களில் போகிறவர்களுக்கும் நடுவர்களுக்கும்தான். மற்ற நிருபர்களுக்கு ஊருக்குள் ஒரு தெருமுனை, செய்தி மையத்தில் ஒரு நாற்காலி. வீரர்களின் கணுக்காலில் கட்டிய சில்லு ஆங்காங்கே பதிவு செய்யும் நேரத்தைத் திரையில் பார்த்து அவர்கள் கதையை ஊகித்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும், ஒரு நிருபர் தற்செயலாக எட்டிப் பார்த்திராவிட்டால் இந்தப் போட்டி இந்த அளவு வளர்ந்திருக்குமா என்பதே சந்தேகம். 1978 பிப்ரவரியில் ஒவாஹு தீவில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் தொடங்கி வைத்த உள்ளூர் விளையாட்டு அது. மறு ஆண்டு, ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையின் பாரி மெக்டெர்மட் ஹவாய்க்கு வந்தது கோல்ஃப் போட்டி பற்றி எழுத. கேள்விப்பட்டு இதையும் பார்த்தார். பத்துப் பக்கக் கட்டுரை வெளியானது. 1980இல் ஏ.பி.சி. டிவியின் கேமராக்கள் வந்தன. போட்டியாளர் எண்ணிக்கை 108 ஆனது. 1981இல் ஹோனலுலுவின் நெரிசலைத் தவிர்க்கப் போட்டி கோனாவுக்கு இடம் மாறியது.

எல்லாவற்றையும் மாற்றியது 1982 பிப்ரவரியில் நடந்த போட்டியின் கடைசிச் சில நிமிடங்கள். ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, உடலியக்கவியல் ஆய்வுக்காகப் போட்டியில் சேர்ந்தவர், முதலிடத்தில் வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கால்கள் மடங்கின. எழுந்தார், விழுந்தார், மீண்டும் எழுந்தார். உதவ நீண்ட கைகளை விலக்கினார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்துபோய் வென்றார். மாஸ் தவழ்ந்து கோட்டைத் தொட்டபோது வித்தியாசம் 29 விநாடிகள்.

அமெரிக்கா இதைப் பிறகு டிவியில் பார்த்தது. வென்றவரைவிடத் தவழ்ந்தவரே நினைவில் நின்றார். அந்தக் காட்சியைப் பார்த்தவர்களில் ஒருவர் மார்க் ஆலன். அவர் இந்த விளையாட்டுக்கு வந்து ஆறு முறை கோனாவில் வென்றார்; ஜூலி மாஸையே மணந்துகொண்டார். பின்னர் இருவரும் பிரிந்தார்கள்.

கேமரா செய்த நன்மை இது. ஆனால் அந்தச் சில நிமிடங்கள் ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றன. 1991 முதல் என்.பி.சி. தயாரித்த தொகுப்பு நிகழ்ச்சிகள் எம்மி விருதுகளை அள்ளின. 17 மணி நேரம் ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கும்போது எது மிஞ்சும்? தலைவர்கள் கொஞ்சம், கண்ணீர் கொஞ்சம், தள்ளாட்டம் நிச்சயம். நடுவில் ஓடிய ஆயிரம் பேர் மிஞ்சமாட்டார்கள்.

அடிபட்டவர்களில் முக்கியமானவர்கள் பெண்கள். ஆண்களும் பெண்களும் ஒரே நாளில் போட்டியிட்ட காலத்தில், இருக்கும் சில மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் முன்னால் போகும் ஆண்களின் பின்னால் போயின. பெண்கள் பிரிவில் யார் யாரைத் தாண்டினார் என்பது பல சமயம் எண்களாகவே வந்து சேர்ந்தது. 2022இல் போட்டி இரண்டு நாட்களாக்கப்பட்டபோது பெண்களுக்கென்று தனியாக ஒளிபரப்பு கிடைத்தது. 2023இல் ஆண்கள் பிரான்ஸின் நீஸ் நகருக்குப் போக, கோனாவில் பெண்கள் மட்டும், 2,000க்கும் மேற்பட்டவர்கள். ஊர் பிளந்தது என்று வருந்தியவர்கள் உண்டு. முதல் பெண்ணிலிருந்து பத்தாவது பெண் வரை திரையில் பார்த்தவர்கள் வருந்தவில்லை. 2026 முதல் இரு பிரிவுகளும் மறுபடியும் கோனாவில் ஒரே நாளில் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. அப்படியானால் மோட்டார் சைக்கிள்கள் யார் பின்னால்?

மோட்டார் சைக்கிள் வெறும் பார்வையாளரும் அல்ல. சைக்கிளுக்கு எதிரி காற்று. முன்னால் போகும் வண்டி அந்தக் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் பின்னால் வருபவருக்கு உழைப்பு மிச்சம். அதனால்தான் ஒரு வீரர் இன்னொருவரை நெருங்கிப் பின்தொடர்ந்தால் தண்டனை. கேமராக்காரரின் வண்டி நெருங்கினால் அந்த லாபம் யாரைச் சேரும்? படம் பிடிக்கப்படுபவரை, அதாவது பெரும்பாலும் முதலில் போகிறவரை.

ஆபத்து அதோடு நிற்கவில்லை. 2023 ஜூன் 4 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்த அயர்ன்மேன் ஐரோப்பியப் போட்டியில், கேமராக்காரரை ஏற்றிச் சென்ற மோட்டார் சைக்கிள் எதிரே வந்த வீரர் மீது நேருக்கு நேர் மோதியது. மோட்டார் சைக்கிளை ஓட்டியவர் இறந்தார். வீரர் படுகாயமடைந்தார். போட்டி நிறுத்தப்படவில்லை. குறுகலான சாலையில் இத்தனை வண்டிகள் எதற்கு என்று வீரர்களே கேட்டார்கள். வண்டிகளைக் குறைத்தால் பார்ப்பது குறையும். குறைக்காவிட்டால் உயிர் போகும். எளிதான விடை யாரிடமும் இல்லை.

2025 அக்டோபரில் கோனா மீண்டும் ஒரு தடவை தன் பழைய கதையைச் சொன்னது. இந்தத் தடவை நேரடி ஒளிபரப்பில். முன்னணியில் இருந்த லூசி சார்ல்ஸ்-பார்க்லி வெயில் தாங்காமல் ஓட்டத்தின் நடுவே விலகினார். பிறகு முதலிடத்தில் போய்க்கொண்டிருந்த டெய்லர் நிப் கடைசிச் சில கிலோமீட்டர்கள் இருக்கையில் சாலையில் உட்கார்ந்தார்; எழவில்லை. நார்வேயின் சோல்வெய்க் லோவ்செத் வென்றார். மாஸ் விழுந்தது ஒரு தெருக் கூட்டத்தின் முன்னால். நிப் உட்கார்ந்ததை உலகின் எந்த மூலையில் இருந்தவரும் அந்தக் கணத்திலேயே பார்க்க முடிந்தது. விழுந்தவர் மீது கேமரா எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்கு விதிப்புத்தகத்தில் அளவு கிடையாது. வண்டியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவர்தான் அதை அங்கேயே தீர்மானிக்க வேண்டும்.

இருட்டியதும் ஒளிபரப்பு வண்டிகள் ஓய்ந்துவிடும். நெடுஞ்சாலையில் விளக்கில்லை. கழுத்தில் மினுங்கும் ஒளி வளையங்களுடன் சிலர் இன்னும் ஊரை நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். அறுபதைத் தாண்டியவர்கள், எழுபதைத் தாண்டியவர்கள். நள்ளிரவு நெருங்க, பிற்பகலில் வென்றவர்கள்கூட எல்லைக்கோட்டுக்குத் திரும்பி வந்து நிற்பது இங்கே வழக்கம். கடைசி ஆள் வரும்போது கடற்கரைச் சாலை எழுப்பும் சத்தம், முதலில் வந்தவருக்குக் கிடைத்ததைவிடப் பெரியது. அந்தப் படத்தை எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு அனுமதி அட்டை கிடையாது. கம்பித் தடுப்புக்கு வெளியே நிற்கும் மகளோ கணவரோ, கையை உயர்த்திச் செல்பேசியில் எடுத்துக்கொள்கிறார்கள்.