செத்துப்போகல்ல, நனைஞ்சிரிக்கி

கல்முனையில் காலையில் ஏறிய பஸ் நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று நின்று நின்று வந்து, கோமாரி தாண்டிப் பொத்துவிலில் இறக்கிவிட்டபோது வெயில் ஏறிவிட்டது. 2025 ஏப்ரல். அறுகம்பேயில் அலைச் சீசன் தொடங்குகிற மாதம். அலைப் பலகைகளைக் கூரையில் கட்டிய ஓட்டோக்கள் பாலத்தை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தன.

கூடப் படித்த நண்பன் ஒருவன் அறுகம்பேக் கரையின் உல்லையில் கோப்பிக் கடை வைத்திருக்கிறான். முதல் நாள் இரவு போன் எடுத்தான். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த கடையைத் திறந்து, எஸ்பிரெசோ மெஷினைத் துடைத்து, சுவிட்சைப் போட்டிருக்கிறான். போட்ட நொடியே ட்ரிப் சுவிட்ச் விழுந்து கடை முழுக்க இருட்டு. மூன்று தரம் போட்டுப் பார்த்தும் அதேதான். "கொயில் போயிட்டுது மச்சான், கொழும்புக்குத்தான் சொல்லணும்" என்றான். பொத்துவில் டவுனில் மோட்டர் வைண்டிங் செய்கிற ஒரு காக்காவிடம் முதலில் காட்டும்படி பக்கத்துக் கடைக்காரர் சொன்னாராம். அந்தக் காக்காவின் கைவேலையைப் பார்க்கத்தான் நான் போனேன்.

எங்கள் வீடுகளில் கோப்பி என்றால் கொத்தமல்லியும் இஞ்சியும் சேர்த்து இடித்த தூளை வெந்நீரில் கொதிக்கவிட்டது. எஸ்பிரெசோ வேறு வழியில் வந்தது. 1884இல் இத்தாலியின் டூரின் நகரத்தில் அஞ்சலோ மொரியொந்தோவும், 1901இல் மிலானில் லுயிஜி பெஸ்ஸெராவும் நீராவிக் கோப்பி மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அந்தக் காலத்துப் பொய்லர்களுக்கு அடியில் நெருப்புத்தான் எரிந்தது. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பிக்கு அல்பர்ட் மார்ஷ் காப்புரிமை வாங்கியது 1906இல். சிவக்கச் சிவக்கச் சூடாகியும் துருப்பிடிக்காத அந்தக் கம்பி வந்த பிறகுதான் மின்சாரம் பொய்லருக்குள் நம்பி இறங்கியது. இன்று அறுகம்பேக் கடைகளில் இருக்கிற மெஷின்களின் வயிற்றுக்குள், தண்ணீரைச் சூடாக்குகிற கொயிலில் கிடப்பது அதே கம்பிதான்.

நண்பனும் நானும் மெஷினின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். கரண்டை மெயினில் நிறுத்தி, பொய்லர் தண்ணீரை இறக்கி, வயர்களுக்கு ஒவ்வொரு நிற நூல் கட்டி, பித்தளை முகத்தட்டின் பொல்ட்களை எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். பொய்லரிலிருந்து இறங்கிய தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அது 2024 ஒக்டோபரின் தண்ணீர். அந்த மாதம் 23ஆம் திகதி அமெரிக்கத் தூதரகம் அறுகம்பேக்குப் போக வேண்டாமென்று தன் நாட்டவரை எச்சரித்தது; இஸ்ரேல் தன் ஆட்களை வெளியேறச் சொன்னது. அந்த வாரத்திலேயே வாடிக்கை வற்றிப்போய் நண்பன் கடையைப் பூட்டினான். பொய்லரை நினைக்க அவனுக்கு மனம் இருக்கவில்லை. பின்னால் மாரி வந்தது. ஆறு மாதம் தண்ணீர் நின்றது.

கொயிலை அரிசிச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மோட்டர் சைக்கிளில் பாலத்தைக் கடந்தோம். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து உடைத்தது இந்த இடத்துப் பாலத்தைத்தான். இப்போதுள்ளது அமெரிக்க உதவியில் கட்டி 2008இல் திறந்தது.

காக்காவின் கடை ஒரு பேக்கரிக்குப் பக்கத்தில். வாசலில் தண்ணீர் மோட்டர்கள், கழற்றிய மின்விசிறிகள், ஒரு அரிசி மில் மோட்டரின் வெற்றுக் கூடு. அறுபதைத் தாண்டியவர். சலாம் சொல்லி உட்கார்ந்தோம். சாக்கை அவிழ்த்து, கொயிலை இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "எரிஞ்ச மணம் இல்ல" என்றார்.

முதலில் மீட்டரை எடுத்தார். அந்தக் கொயில் மூன்று வளையம், மொத்தம் 3000 வொட். ஒவ்வொரு வளையத்தின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தபோது 53 ஓமை ஒட்டியே மூன்றும் காட்டின. அவர் கணக்கைக் கரித்துண்டால் பலகையில் எழுதிக் காட்டினார். 230ஐ 230ஆல் பெருக்கினால் 52,900. அதை ஒரு வளையத்தின் 1000 வொட்டால் வகுத்தால் 52.9 ஓம். "கம்பி சுகமா இரிக்கி தம்பி. அறுந்திருந்தா மீட்டர் ஒண்டும் காட்டாது."

பிறகு அலுமாரியிலிருந்து கைப்பிடி சுழற்றுகிற பழைய மெகரை இறக்கினார். ஒரு வயரைக் கொயில் முனையிலும் மற்றதைப் பித்தளைத் தட்டிலும் மாட்டிச் சுழற்றினார். 500 வோல்ட் தள்ளிக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிற கருவி அது. முள் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. இரண்டாம் வளையமும் அப்படியே. மூன்றாவதில் கொஞ்சம் ஏறி விழுந்தது. கைப்பிடியை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"இது செத்துப்போகல்ல. நனைஞ்சிரிக்கி."

ஒரு கொயிலின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் அந்தச் சொல்லின் பெறுமதி விளங்கும். வெளியே தெரிவது செம்புக் குழாய். நடுவில் சுருள் சுருளாக நிக்ரோம் கம்பி. இரண்டும் தொட்டுவிடாமல் இடையில் இறுக்கி அடைத்திருப்பது மக்னீசியம் ஒக்சைட் என்கிற வெள்ளைப் பொடி. சூட்டைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் அது அங்கே இருக்கிறது. ஆனால் அந்தப் பொடிக்கு ஈரம் என்றால் ஆசை. முனைகளை மூடியிருக்கிற சீல் வெடித்திருந்தால் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துக்கொள்ளும். தினமும் சூடாகிற கொயிலில் ஈரம் தங்காது. நின்றுபோன கொயிலில், அதுவும் கடலிலிருந்து கல்லெறி தூரத்தில், மாரி மாதங்களில், தங்காமல் எங்கே போகும்? நனைந்த பொடி மின்சாரத்தைக் குழாய்க்குக் கசியவிடுகிறது. 30 மில்லி அம்பியர் கசிந்தால் போதும், வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். ட்ரிப்பைக் குறைசொல்வதும், அதைத் தாண்டி வயர் இழுத்து மெஷினைப் போட்டுப் பார்ப்பதும் உயிரோடு விளையாடுவது. உல்லையில் ஈரத் தரையில் வெறுங்காலோடு வந்து நிற்கிறவர்கள்தான் வாடிக்கைக்காரர்கள்.

மருந்து பக்கத்துப் பேக்கரியில் இருந்தது. பின்னேரப் பாண் இறங்கிய பிறகு விறகுப் போறணையில் சூடு மெதுவாக இறங்கும். காக்கா ஒரு பேப்பர் துண்டை உள்ளே வைத்துப் பார்த்தார். கருகவில்லை. வொஷரையும் பிளாஸ்டிக் மூடிகளையும் கழற்றிவிட்டு, முனைகளில் பழைய சீலைச் சுரண்டித் திறந்துவிட்டு, கொயிலைத் தகரத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினார். பேக்கரிக்காரர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் நடக்கிற காரியமாம். "மூணு நாலு மணித்தியாலம் போதும். ராத்திரி முழுக்கக் கிடந்தா இன்னும் நல்லம்."

அந்த இரவு கடையிலேயே இருந்து அவருடைய மற்ற வேலைகளைப் பார்த்தேன். மேசைக்கடியில் ஒரு பெட்டி நிறைய உண்மையாகவே செத்த கொயில்கள். ஒன்றில் குழாய் வெடித்து வெள்ளைப் பொடி வெளியே வழிந்திருந்தது. தண்ணீர் இல்லாமல் எரிந்தது அது. கொயில் தண்ணீருக்குள் கிடக்கும்வரை பொய்லரின் சூடு 120 பாகையை ஒட்டித்தான் நிற்கும். மெஷினின் அழுத்த முள் 1 பார் காட்டும்போது தண்ணீர் கொதிப்பது அந்தச் சூட்டில். தண்ணீர் இறங்கி கொயில் வெளியே தெரிந்ததும் அதன் சூட்டை வாங்க ஆளில்லை. சில நிமிடங்களில் சிவந்துவிடும்.

தண்ணீர் ஏன் இறங்கியது என்பதுதான் அவருக்கு முக்கியம். பொய்லருக்குள் மட்டம் பார்க்கிற ஒரு ஊசி தொங்கும். தண்ணீர் தொட்டால் அதன் வழியே மிகச் சிறிய மின்சாரம் ஓடும். மெஷின் 'போதும்' என்று குழாயை மூடும். ஊசியின் கழுத்தைச் சுற்றி உப்பும் ஈரமும் படிந்துவிட்டால், தண்ணீர் தொடாமலே தொட்டதுபோலக் காட்டும். பொய்லர் காலியாகிக்கொண்டே போகும். ஆகவே எரிந்த கொயிலோடு வருகிற எவரிடமும் அவர் முதலில் கேட்பது ஊசியைப் பற்றித்தான். ஊசியைத் துடைக்காமல் புதுக் கொயில் போட்டால், அதுவும் எரியும்.

அந்தப் புதுக் கொயிலை எடுக்கிறவர்களுக்கு அவர் சொல்வதை எழுதிக்கொண்டேன். முகத்தட்டின் ஓட்டைகளை ஒரு காகிதத்தில் பதித்து அனுப்ப வேண்டும். படம் மட்டும் அனுப்பினால் ஓட்டை மாறி வரும். கொயிலின் நீளமும் சரிவும் பொய்லருக்குள் ஊசியில் முட்டாததாக இருக்க வேண்டும். 110 வோல்ட் என்று அடித்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் தொடக்கூடாது. 230இல் அது நாலு மடங்குக்கு மேல் வேலை செய்து அப்போதே போய்விடும். 220 என்று அடித்தது ஓடும், ஆனால் நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுதலாகச் சூடாகும். வொட்டைக் கூட்டிப் போடக் கேட்கிறவர்களை அவர் திருப்பி அனுப்பிவிடுவார். 13 அம்பியர் ப்ளக் தாங்குவது 3000 வொட் மட்டும்தான். 4000 போட்டால் 17 அம்பியர். தனி வயரும் தனி சுவிட்சும் இல்லாத ஓலைக் கடையில் அது நெருப்பு.

இன்னொன்றை அவர் அழுத்திச் சொன்னார். ஒரே 3000 வொட்டை நீளக் குழாயிலும் அடைக்கலாம், கட்டைக் குழாயிலும் அடைக்கலாம். விலை குறைவென்று கட்டையை எடுத்தால் குழாயின் ஒவ்வொரு அங்குலமும் கூடுதலாகக் காயும். சுண்ணாம்பு அங்கேதான் வேகமாகப் பிடிக்கும். 2022இல் நாட்டில் டொலர் இல்லாமல், வெளிநாட்டுப் பாகங்கள் கிடைக்காமல் போனபோது இங்கே பலர் கொழும்பில் சொல்லிச் செய்வித்த கொயில்களைப் போட்டார்கள். நீளத்தைச் சொல்லிச் செய்வித்தவை இன்னும் ஓடுகின்றன. வொட்டை மட்டும் சொன்னவை அந்தப் பெட்டிக்குள் கிடந்தன.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மைலோ டின். உள்ளே கொயில்களிலிருந்து தட்டி எடுத்த படிவுகள்: முட்டை ஓடுபோல வெள்ளை, செங்கல் நிறம், சில பச்சை. வெள்ளை சுண்ணாம்பு, தண்ணீரில் கரைந்திருந்தது சூட்டில் பிரிந்து படிகிறது. செம்பைவிட நூறு மடங்குக்கு மேல் மந்தமாகத்தான் அது சூட்டைக் கடத்தும். தண்ணீர் சூடாகத் தாமதமாகும், கொயில் உள்ளேயே வேகும். பச்சைதான் எனக்குப் புதிது. அது செம்பை உப்பு அரித்த நிறம். இந்தக் கரையில் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படையாகக் கிடக்கிறது. சீசனில் எல்லாரும் மோட்டர் போட்டு இறைக்க, கீழிருந்து சவர் ஏறுகிறது. கடைக்காரர்கள் வாங்கி மாட்டுகிற சுண்ணாம்பு வடிகட்டி சுண்ணாம்பைத்தான் மாற்றும். சவரை அப்படியே விட்டுவிடும். ஆர்.ஓ. தண்ணீர் சவரையும் எடுத்துவிடும். ஆனால் வெறும் ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றினால் அதில் மின்சாரம் ஓட ஒன்றுமில்லாமல், மட்ட ஊசிக்குத் தண்ணீர் தெரியாமல், பொய்லர் நிறைந்து வழியும். சவரில்லாத நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கலக்கச் சொல்கிறார். சுண்ணாம்பு பிடித்த கொயிலைச் சர்பத்துக்குப் போடுகிற சிட்ரிக் அமிலத் தூளை இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஊறவிட்டால் நுரைத்துக் கழன்றுவிடும். கத்தியால் சுரண்டினால் குழாயில் கோடு விழும்; அடுத்த அரிப்பு அந்தக் கோட்டில்தான் தொடங்கும்.

சுபஹுக்குப் பிறகு போறணையிலிருந்து கொயிலை எடுத்தார். ஆறவிட்டு மெகரைச் சுழற்றினார். முள் 20 மெகா ஓமைத் தாண்டி நின்றது. ஒன்று இருந்தாலே போதுமாம். ஈரம் திரும்ப ஏறுமுன் முனைகளைச் சூடு தாங்கும் சிலிக்கோனால் அடைத்தார். புது வொஷர் கொடுத்தார். ஒன்பது மணிக்கு உல்லையில் மெஷின் சீறியது, ட்ரிப் விழவில்லை.

காக்கா வாங்கியது வொஷருக்கும் சிலிக்கோனுக்கும் உரிய காசு மட்டும். பார்த்துச் சொன்னதற்கு அவர் என்றைக்கும் கூலி கேட்டதில்லையாம். "சாமான் மாத்தினாத்தானே தம்பி காசு. நல்லாரிக்கெண்டு சொல்ல என்னத்துக்குக் காசு?" என்றார். இது எனக்குப் பொறுக்கவில்லை. கொயிலை மாற்றிவிடச் சொல்லியிருந்தால் அவருக்கு லாபம் இருந்திருக்கும். மெகரின் முள்ளை நம்பி, உண்மையைச் சொல்லி, அந்த லாபத்தை விட்டார். நண்பனின் கடை சீசனின் முதல் பத்து நாளை இழக்காமல் இருந்தது அந்த ஒரு சொல்லால்தான். ஒரு வேலைக்காரரின் முழு வித்தையும் அந்தப் பார்த்துச் சொல்வதில் இருக்கும்போது, வொஷருக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வருவது நியாயமில்லை. கடையில் வேலை பழகுகிற பொடியன் இரண்டு வருடத்தில் கட்டாருக்குப் போகப் போகிறானாம். அவனைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உல்லையிலும் பொத்துவிலிலும் மெஷின் வைத்திருக்கிற கடைக்காரர்களுக்குச் சொல்கிறேன். ஒக்டோபரில் பூட்டுமுன் பொய்லர் தண்ணீரை இறக்கி உலர்த்துங்கள். அல்லது சாவி வைத்திருக்கிறவரைக் கொண்டு மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் நிறைத்து ஒரு மணித்தியாலம் சூடாக்குங்கள். ஏப்ரலில் சுவிட்சைப் போடுமுன் கொயிலை மெகரில் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துச் சொல்கிறவரின் கையில், அவர் கேட்காவிட்டாலும், கூலியை வைத்துவிட்டு வாருங்கள்.