ஒரே ஒரு புண்

புத்தகப்படி பார்த்தால் குரங்கு அம்மை ரொம்ப சுலபம். முதலில் காய்ச்சல், நெறி கட்டும். பிறகு முகத்தில் தொடங்கி உள்ளங்கை வரை கொப்புளங்கள். 2022-ல் வந்த நோயாளிகள் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை போலும்! 16 நாடுகளில் ஆராய்ந்த 528 பேரில் 54 பேருக்குப் பிறப்புறுப்பில் ஒரே ஒரு புண்தான். சிலருக்கு ஆசனவாயில் தாங்க முடியாத வலி. சிபிலிஸ், ஹெர்பிஸ் என்றுதானே டாக்டர் நினைப்பார்? சரி, சிபிலிஸ் என்றே ரிப்போர்ட் வந்தாலும் ஃபைலை மூட முடியாது. மற்ற பால்வினை நோய்களுக்குப் பரிசோதித்த 377 பேரில் 109 பேருக்கு அவையும் கூடவே இருந்தன.

கொடுமை என்னவென்றால், நைஜீரியாவில் 2017-லேயே டாக்டர் டிமி ஓகோய்னா வாலிபர்களிடம் இதே பிறப்புறுப்புப் புண்களைப் பார்த்தார். உடலுறவில் பரவலாம் என்று 2019-ல் எழுதியும் வைத்தார். ஐரோப்பாவில் பரவிய பிறகுதான் உலகம் அதைத் தேடிப் படித்தது.