மண்ணெண்ணெய்க் காலமும் ஒட்சிசன் உணரியும்

யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிஜ் வண்டிகளுக்குத் தனி வரலாறு உண்டு. 1990 ஆம் ஆண்டின் பின்னர்ப் பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அந்நாளில் இவ்வண்டிகள் சிறிதளவு பெற்றோலினால் இயக்கப்பெற்று, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரையும் மணமக்களையும் சுமந்தவை அவையே. எரிபொருளுக்கும் காற்றுக்குமுரிய அளவு பிழைப்பின் வண்டி கரும்புகை கக்கும். அன்றேல் இழுவை இன்றித் தடுமாறும். அவ்வளவை அறிதற்கு மெக்கானிக்கின் மூக்கும் செவியும், கழற்றிப் பார்த்த பிளக்கின் நிறமுமே கருவிகளாயின.

கொக்குவிலில் அத்தகைய வண்டியொன்றை வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைக் காத்த தந்தையொருவர் உளர். முதுமையில் அவர்தம் செவி மந்தமாயிற்று. 2022 இல் எரிபொருள் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டபோது ஒவ்வொரு லீற்றரின் அருமையையும் உணர்ந்த மகன், அச்செவிக்கு ஈடாக அகலப்பட்டை ஒட்சிசன் உணரியொன்றைப் பொருத்த விழைந்தான்.

ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். இவ்விகிதத்தை லம்டா 1 என்பர். எண் குறையின் எரிபொருள் மிகை. கூடின் காற்று மிகை. 1976 இல் வொல்வோ வண்டிகளில் இடம்பெற்ற குறும்பட்டை உணரி, கலவை இவ்வெல்லைக்கு எப்பக்கம் நிற்கின்றது என்பதை மாத்திரமே தெளிவாகக் கூறும். எவ்வளவு விலகிற்று என்பதையும் கூறவல்லது அகலப்பட்டை உணரி. அதன் பீங்கானுள் ஒட்சிசனைப் புகுத்தவோ வெளியேற்றவோ வேண்டிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி அளந்து எண்ணாகக் காட்டும். ஆதலின் இரண்டும் ஒன்றற்கொன்று இசைந்தனவாதல் வேண்டும். பொஷ் நிறுவனத்தின் எல்.எஸ்.யூ. 4.2 உணரிக்கென அமைந்த கட்டுப்படுத்தி 4.9 இற்குப் பொருந்தாது. முன்னையதை இடையிடையே தூய காற்றில் அளவு திருத்துதல் வழக்கம். பின்னையதற்கு அத்தேவை பெரும்பாலும் இல்லை. மகன் பின்னையதையே தேர்ந்தான்.

வேறோர் இடரும் எதிர்ப்பட்டது. அவ்வண்டியிற் பற்றறியின் நேர்முனை உடலோடு இணைந்திருந்தது. இக்காலக் கட்டுப்படுத்தியோ எதிர்முனை அவ்வாறு இணைந்திருத்தலை வேண்டிற்று. மின்னிணைப்பை மாற்றிய பின்னரே, சைலன்சருக்கு முன்னுள்ள குழாயில், நீர் தேங்காவண்ணம் உணரி சாய்வாகப் பொருத்தப்பெற்றது.

முதன்முறை இயக்கியபோது எண் 1.2 இற்கு மேற்சென்றது. காற்று மிகை எனக் கருதிய மகன் காபரேற்றரைத் திருத்தி எரிபொருளைக் கூட்ட முனைந்தான். தந்தையோ குனிந்து, சைலன்சர் வாயிலருகே உள்ளங்கையைப் பிடித்தார்.

“தம்பி, ஒண்டு அடிக்கேல்லை. பிளக்கைக் கழட்டிப் பார்.”

மூன்றாவது பிளக் எரிபொருளில் நனைந்து கறுத்திருந்தது. ஒரு சிலிண்டர் எரியாதுவிடின் அதனுட் புகுந்த காற்றின் ஒட்சிசன் அவ்வாறே வெளியேறும். உணரி அவ்வொட்சிசனைப் பிழையின்றி அளந்தது. அஃது ஏன் எஞ்சிற்று என்பதைக் கை அறிந்தது. எரிபொருளைக் கூட்டியிருப்பின் கேடே மிகுந்திருக்கும்.

புதிய பிளக் பூட்டியதும் எண் 0.82 ஆயிற்று. உண்மையில் எரிபொருளே மிகுந்திருந்தது. காபரேற்றரின் ஜெற் தேய்ந்திருந்தமையே காரணம். அம்மிகையைத் தந்தையின் கை உணர்த்தவில்லை, எண்ணே உணர்த்திற்று.

இப்பொழுது மகன் வண்டியோட்ட, தந்தை இடப்புற இருக்கையில் அமர்கின்றார். செவி கைவிட்ட எஞ்சினை அவர்தம் கண்கள் அச்சிறிய எண்ணிற் கேட்டுக்கொண்டிருக்கின்றன.